விமர்சகருக்கு ஆயிரம் கொண்டை ஊசி

சிசிலி: ...வேண்டாம், நான் உக்காரல. இந்தக் காகிதத்துல, உங்க புத்தகப் பக்கம் எழுதற மார்த்தாவோட கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டுப் போயிடறேன்.

எனிட்: உக்காருங்க, மிஸஸ் ஏவரில். கையெழுத்துப் போட வேண்டியவங்க யார்க்ஷர்ல இருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நின்னீங்கன்னா லண்டன்ல இருக்கற கால்வலி எல்லாம் உங்களுக்குத்தான்.

சிசிலி: மார்த்தா யார்க்ஷர்லயா இருக்காங்க, மிஸ் ஹார்க்கர்?

எனிட்: ஆமா. பாதிரியார் ஒருத்தரோட விதவை. வயசாயிடுச்சு. முட்டியில வாதம்.

சிசிலி: வாதமா... போன மாசம் மலை உச்சியில உக்காந்து ஒரு நாவலை முடிச்சதா எழுதியிருந்தாங்களே.

எனிட்: அது... வாதம் வர்றதுக்கு முன்னாடி.

சிசிலி: ஒரே மாசத்துலயா?

எனிட்: யார்க்ஷர் குளிர் அப்படி.

மேபல்: எனிட், கதவைத் திற, ரெண்டு கையும் மூட்டை... ஓ. ஆள் இருக்காங்களா?

எனிட்: வா மேபல். இவங்க மிஸஸ் ஏவரில். மிஸஸ் ஏவரில், இது மேபல் டாட். நம்ம 'வீட்டு விளக்கு'ல பதினஞ்சு வருஷமா சமையல் பக்கம் எழுதறவங்க.

மேபல்: ஏவரில்னா... ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல புத்தக விமர்சனம் எழுதுவாரே, அந்த ரூபர்ட் ஏவரிலா?

சிசிலி: அவரோட மனைவி.

மேபல்: சரி. டீ கொண்டு வரணுமா, ஜன்னலைத் திறந்து விடணுமா, எனிட்?

எனிட்: டீ. அப்புறம் வாயை மூடிக்கிட்டு அந்தக் கேக்கையும் வெட்டு.

சிசிலி: எனக்காகச் சிரமப்படாதீங்க. அவர் மேல உங்க முதலாளி சர் ஜாஸ்பர் அறையில வக்கீலோட உக்காந்திருக்கார். 'நீ கீழ போய் பொம்பளைங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு வா'ன்னார். அதான் வந்தேன்.

மேபல்: பொம்பளைங்களுக்குள்ளன்னா... துணி மடிக்கற விஷயம்னு நெனச்சுட்டாரா?

எனிட்: மேபல்.

மேபல்: கேக்குதான் வெட்டறேன்.

சிசிலி: மிஸ் டாட், நீங்க மார்த்தாவைப் பாத்திருக்கீங்களா?

மேபல்: பாக்காம என்ன? கார்ன்வால்ல அவங்க வீட்டுக்கே போய்த் தங்கியிருக்கேன். ஏழு பூனை.

சிசிலி: மிஸ் ஹார்க்கர் யார்க்ஷர்னு சொன்னாங்க.

மேபல்: ...பூனைங்க மட்டும் கார்ன்வால்ல இருக்கு.

சிசிலி: அப்படியா.

எனிட்: காகிதத்தைக் கொடுங்க, மிஸஸ் ஏவரில். என்னதான் எழுதியிருக்கார்னு பாப்போம். ம்... 'மார்த்தா என்ற பெயரில் இவ்விதழில் எழுதுபவர், மதிப்பிற்குரிய விமர்சகர் ஒருவர் தாம் விமர்சித்த நாவலைப் படிக்கவே இல்லை என்று ஆதாரமின்றி எழுதியதற்கு மனமார வருந்துகிறார். இலக்கியத்தை எடைபோடும் பயிற்சி தமக்கு இல்லை என்பதையும்...' ம்க்கும். இதையும் சேத்து ஒத்துக்கணுமா?

சிசிலி: அதை எடுத்துடலாம்னு நான் சொன்னேன். கேக்கல.

எனிட்: எழுத்து மட்டும் ரொம்ப அழகா இருக்கு. அவருதா?

சிசிலி: என்னுது. அவர் எழுத்து அச்சுக்கோக்கறவங்களுக்குப் புரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பத்திரிகைக்குப் போறது எல்லாமே நான் எடுத்த பிரதிதான்.

எனிட்: ...அப்படியா.

சிசிலி: ஏன், என்ன?

எனிட்: ஒண்ணுமில்ல. குளுருது. கணப்புல கரி குறைஞ்ச மாதிரி இருக்கு.

மேபல்: இப்பத்தானே ரெண்டு கூடை கொட்டினேன்.

எனிட்: இரு, நானே பாத்துக்கறேன்.

மேபல்: மேசை இழுப்பறையிலேருந்து எடுத்து என்னத்தைப் போடற அதுல?

எனிட்: பழைய அச்சுப்படி. நீ டீயை ஊத்து.

சிசிலி: மிஸ் ஹார்க்கர், எனக்கு ஒரு உதவி. இந்தச் சண்டையில அவர் சொல்ற கதை மட்டும்தான் எனக்குத் தெரியும். உங்க பக்கம் என்ன ஆச்சுன்னு சொல்ல முடியுமா? மேல வெச்ச நாலு மணிக் கெடுவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

மேபல்: நான் சொல்றேன். எனிட் சொன்னா நாகரிகமா சொல்லிக் கெடுத்துடுவா.

எனிட்: மேபல்...

மேபல்: அந்த அம்மாவே கேக்கறாங்க. இங்க பாருங்க, மிஸஸ் ஏவரில். போன மாசம் 'வியாழக்கிழமை மதியம்'னு ஒரு நாவல் வந்துச்சு. ஐரிஸ் கோல்பின்னு ஒரு புதுப் பொண்ணு எழுதினது. ஹெட்டின்னு ஒருத்தி. பெரிய வீட்டுல சமையல்காரி.

சிசிலி: தெரியும்.

மேபல்: படிச்சிருக்கீங்களா?

சிசிலி: ...கேள்விப்பட்டேன். சொல்லுங்க.

மேபல்: உங்க வீட்டுக்காரர் அதைப் பத்தி அரைப் பத்தி எழுதினார். அடுப்பங்கரையை விட்டு வெளியவே வராத கதைன்னார். கடைசியா என்ன சொன்னார்? 'ஆசிரியைக்கு முடிக்கத் தெரியாததால், கதாநாயகியைச் சமையலறைத் தரையில் சாகடித்துவிட்டார். மலிவான உத்தி.' இதானே?

சிசிலி: இதான். பிரதி எடுத்தது நான்தானே.

மேபல்: ஆனா ஹெட்டி சாகவே இல்லையே, மிஸஸ் ஏவரில். வியாழக்கிழமைன்னா வீட்டுக்காரங்க எல்லாம் வெளிய போயிடுவாங்க. அந்த ஒரு மணி நேரம் அவ கல்லுத் தரையில மல்லாந்து படுத்துப்பா. அவளுக்கு வாரத்துல கெடைக்கற ஓய்வே அவ்வளவுதான். அஞ்சாவது அத்தியாயத்துலேருந்து கடைசி வரைக்கும் பத்து தடவையாவது வருது. கடைசிப் பக்கத்துல படுக்கறா பாருங்க, அது அவளே எடுத்த சின்ன வீட்டுல, அவளோட சொந்தத் தரையில. அதுவும் செவ்வாய்க்கிழமை.

சிசிலி: செவ்வாய்க்கிழமை. ஆமா.

மேபல்: எனக்கு அந்த இடம் வந்ததும் அழுகை வந்துடுச்சு. அடுப்புல வெச்ச ஜாம் தீஞ்சு போச்சு. அந்த வாரம் சமையல் பக்கத்துல ஜாம் குறிப்பே போடல.

எனிட்: அதுக்கு வந்த புகார்க் கடிதம் தனி மூட்டை.

மேபல்: நடுவுல பேசாத. அப்புறம் மார்த்தா தன்னோட பக்கத்துல எழுதினாங்க. அஞ்சாவது அத்தியாயம் படிச்ச யாரும் ஹெட்டி செத்துட்டான்னு சொல்ல முடியாது, ஞாயித்துக்கிழமைப் பெரியவர் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் பாத்திருக்கார்னு. அதோட, அவரோட பிரதி தன் கைக்கு வந்துச்சு, பக்கமே வெட்டலன்னும் போட்டாங்க.

சிசிலி: பிரதி எப்படி வந்துச்சு?

எனிட்: தபால்ல. பழுப்புத் தாள் சுத்தின பார்சல். அனுப்பினவங்க பேர் இல்ல. உங்களுக்கே தெரியும், அந்தப் பதிப்பாளர் புத்தகத்தை ஓரம் வெட்டாமத்தான் அனுப்புவார். மடிச்ச தாள் மடிச்சபடியே இருக்கும். படிக்கறவங்கதான் மடிப்பு மடிப்பா கீறிப் பிரிக்கணும். இதுல முதல் மடிப்பும் கடைசி மடிப்பும் விரலால கிழிச்ச மாதிரி இருந்துச்சு. நடுவுல இருநூத்தி எழுபது பக்கம் கன்னி கழியாம இருக்கு.

மேபல்: பேச்சைப் பாரு. பாதிரியார் விதவை கேட்டா என்ன நெனைப்பாங்க?

எனிட்: அவங்க சிரிப்பாங்க.

சிசிலி: அவர் அது தன்னோட பிரதியே இல்லங்கறார். நாப்பது பத்திரிகைக்குப் போன புத்தகம், எவனோ ஒருத்தன் படிக்காம வித்தது, என்னுது வேற, நான் படிச்சேன்னு மேல சொல்லிக்கிட்டிருக்கார்.

எனிட்: தெரியும். அதனாலதான் சர் ஜாஸ்பர் கெடு வெச்சிருக்கார். நாலு மணிக்குள்ள அந்தப் பிரதி அவரோடதுதான்னு நிரூபிக்கணும். இல்லன்னா வர்ற இதழ்ல இந்த மன்னிப்பு வரும், மார்த்தாவோட பக்கம் போயிடும்.

மேபல்: போறது மட்டுமில்ல. அந்த இடத்துல உங்க வீட்டுக்காரர் எழுதுவாராம். 'பெண்கள் என்ன படிக்கலாம்'னு தலைப்பு கூட ரெடி.

சிசிலி: அது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்ல.

எனிட்: இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க மாட்டாங்க.

சிசிலி: உங்களுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு முக்கியமா, மிஸ் ஹார்க்கர்? கோச்சுக்காதீங்க. கம்பளிப் பின்னல் குறிப்புக்கும் கோகோ விளம்பரத்துக்கும் நடுவுல ரெண்டு பத்தி.

எனிட்: நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கோகோக்காரன் விளம்பரத்தைச் சின்னதாக்கிட்டான், இடம் காலியா இருந்துச்சு, புத்தகத்தைப் பத்தி ஏதாவது போடுவோம்னு... மார்த்தா முதல் வாரம் என்ன எழுதினாங்க தெரியுமா? எந்த நாவல்லயாவது பன்னெண்டு பேர் விருந்துக்கு உக்காந்தா, பாத்திரம் கழுவினது யாருன்னு நான் பாப்பேன். ஆசிரியருக்கு அது தெரியலன்னா, அவருக்கு அந்த வீடே தெரியல. அப்படின்னு.

சிசிலி: அந்த வாரம்தான் நான் சந்தா கட்டினேன்.

எனிட்: நீங்களா?

சிசிலி: சமையல்காரம்மா பேர்ல.

மேபல்: அடடே.

எனிட்: அதுக்கப்புறம் கடிதம் வர ஆரம்பிச்சுது. வாடகை நூலகத்துக்குப் போனா, 'உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு காதல் கதை தரேம்மா'ன்னு கௌன்டர்காரன் எதையோ எடுத்துக் குடுப்பான். இவங்க எங்க பக்கத்தைக் கத்தரிச்சு எடுத்துட்டுப் போய், இதைக் குடு, இல்லன்னா வரவழைன்னு நின்னிருக்காங்க. டர்ஹம்ல ஒரு சுரங்கத் தொழிலாளர் தெருவுல ஒருத்தி துணி இஸ்திரி போடப் போட இன்னொருத்தி சத்தமா படிக்கறாளாம். மார்த்தா சொன்னது தப்புன்னு சண்டை போட்டே நாலு பக்கம் எழுதறாங்க. எனக்கு அந்தச் சண்டைதான் முக்கியம், மிஸஸ் ஏவரில். மேல இருக்கறவங்க அவங்களுக்கு என்ன பிடிக்கணும்னு சொல்லித் தந்துட்டா, அப்புறம் யாரும் சண்டை போட மாட்டாங்க. எனக்கு அதை நெனச்சாலே வயித்தெரிச்சலா இருக்கு.

மேபல்: இப்ப இந்த மூட்டையைத் திறக்கட்டுமா? கனம் தாங்கல.

எனிட்: அவங்க முன்னாடி வேண்டாம்.

சிசிலி: திறங்க. என்ன அது?

மேபல்: கொண்டை ஊசி.

சிசிலி: என்னது?

மேபல்: மார்த்தா அந்தக் கட்டுரையை முடிக்கறப்ப எழுதினாங்க இல்ல... 'எங்களிடம் தந்தத்தில் செய்த கத்தி கிடையாது. நாங்கள் கொண்டை ஊசியால்தான் பக்கம் பிரிக்கிறோம். பெரியவரிடம் அதுவும் இல்லை போலிருக்கிறது.' அவ்வளவுதான் எழுதினாங்க. மறுநாள்லேருந்து நாடு முழுக்க அவருக்கு ஊசி அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. அவரோட பேப்பர் ஆபீசுக்குத்தான் போகுது. அங்க வாங்க மாட்டேன்னு திருப்பினது எல்லாம் நம்மகிட்ட வருது.

சிசிலி: அதான்... போன வெள்ளிக்கிழமை சட்டைப்பையெல்லாம் உதறிக்கிட்டிருந்தார். ஆபீஸ்ல யாரோ விளையாடறாங்கன்னார்.

மேபல்: காலையில எண்ணினப்ப ஆயிரம் தாண்டிடுச்சு. இது தனி. கேளுங்க, ஒண்ணு படிக்கறேன். 'ஐயா, நான் முடியைக் குட்டையாகக் கத்தரித்துவிட்டேன். இனி இவை எனக்குத் தேவையில்லை. உங்களுக்கு அவசரம்.' இன்னொண்ணு... 'ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கவும். கையில் குத்தாமல் பார்த்துக்கொள்ளவும்.' இது ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைங்க எல்லாரும் சேந்து அனுப்பினது, ரிப்பன் கட்டி.

எனிட்: சிரிக்கறீங்களா, மிஸஸ் ஏவரில்?

சிசிலி: இல்ல... கேக்குத் துணுக்கு தொண்டையில...

மேபல்: தண்ணி குடிங்க. நல்லா சிரிங்க, யாரும் பாக்கல. 'வியாழக்கிழமை மதியம்' எந்த நூலகத்துலயும் இல்ல, தெரியுமா? காத்திருக்கறவங்க பட்டியல் மூணு மாசத்துக்கு நிக்குது. மூணாம் பதிப்பு அச்சுல இருக்கு. அந்தப் பொண்ணு ஐரிஸ் நேத்து இங்க வந்து அந்த நாக்காலியில உக்காந்து ஒரே அழுகை.

சிசிலி: அப்ப நீங்க ஜெயிச்சாச்சே.

எனிட்: புத்தகம் ஜெயிச்சுடுச்சு. பக்கம் இன்னும் இல்ல. சர் ஜாஸ்பருக்கு ஊசியெல்லாம் கணக்கில்ல. வக்கீல்னா அவருக்குப் பயம்.

மேபல்: அதான் நம்மகிட்ட அந்தத் துண்டுச் சீட்டு இருக்கே. மேல கொண்டு போனா முடிஞ்சுது.

சிசிலி: என்ன சீட்டு?

மேபல்: பார்சல்ல புத்தகத்துக்குள்ள இருந்துச்சு. பென்சில்ல ரெண்டு வரி. 'இது திரு. ஏவரில் மேசையிலிருந்து எடுத்தது. ஹெட்டி சாகவில்லை.' அவ்வளவுதான். எழுத்தைப் பாத்தா யாருன்னு கண்டுபிடிச்சுடலாம்னு சர் ஜாஸ்பரே சொன்னார், நாலு மணிக்குக் கொண்டு வான்னு. எனிட், எங்க அது? இழுப்பறையிலதானே வெச்ச?

எனிட்: விடு மேபல்.

மேபல்: என்ன விடு? மணி ஆகுது. இங்கதான் இருந்துச்சு, காலையில பாத்தேன்... இந்த ரசீது... பட்டன்... கோந்து... எனிட், காணோம்.

எனிட்: தேடாத. எரிச்சுட்டேன்.

மேபல்: என்ன பண்ணிட்ட?

எனிட்: கணப்புல போட்டுட்டேன். நீ பாத்துக்கிட்டிருக்கறப்பவே.

மேபல்: உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? இருந்த ஒரே சாட்சி அதுதான். பக்கம் போகும், மானம் போகும், அந்த ஆளு வந்து நமக்கு என்ன பிடிக்கணும்னு... எனிட், ஏன்?

சிசிலி: ஆமா, மிஸ் ஹார்க்கர். ஏன்?

எனிட்: அந்த எழுத்தை இன்னிக்கு இன்னொரு தடவை பாத்தேன். எழுதினவங்களுக்கு ஒரு வீடு இருக்கு. புருஷன் இருக்கார். என்னை நம்பி அனுப்பினாங்க, பேர் போடாம. அவங்களைக் கொண்டு போய் வக்கீல் முன்னாடி நிறுத்தித்தான் ரெண்டு பத்தியைக் காப்பாத்தணும்னா, எனக்கு அது வேண்டாம்.

மேபல்: எந்த எழுத்தை எங்க பாத்த? ...ஓ. ஓ, கடவுளே. அந்த மன்னிப்புத் தாளு.

எனிட்: கேக்கைச் சாப்பிடு மேபல்.

சிசிலி: பக்கம் மார்த்தாவோடது. அவங்களைக் கேக்காம எப்படி எரிச்சீங்க?

எனிட்: கேட்டுட்டேன்.

சிசிலி: எப்போ?

எனிட்: முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி. மேசையிலேருந்து கணப்புக்குப் போற வழியில.

சிசிலி: அப்ப யார்க்ஷர்... வாதம்...

மேபல்: ஏழு பூனையும் பொய்தான். இங்க ஒரு பூனைகூட இல்ல. ஆறு வருஷமா காப்பாத்தின ரகசியத்தை டீ ஆறறதுக்குள்ள சொல்லிட்டா பாருங்க.

எனிட்: பத்திரிகை ஆசிரியை நானே புத்தகப் பக்கமும் எழுதறேன்னு தெரிஞ்சா சர் ஜாஸ்பர் சம்மதிக்க மாட்டார். அதான். சரி, மணி அடிக்குது. பேனாவைக் கொடு மேபல். எங்க போடணும் கையெழுத்து, மிஸஸ் ஏவரில்?

சிசிலி: அந்தத் தாளை இப்படிக் கொடுங்க.

எனிட்: இன்னும் போடலையே.

சிசிலி: கொடுங்கன்னேன்.

மேபல்: அய்யய்யோ, அதையும் கணப்புலயா... என்ன இன்னிக்கு எல்லாரும் காகிதத்தைப் போட்டுக் குளிர் காயறீங்க?

எனிட்: அவசரப்படாதீங்க. சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போகணும். அவர் அங்க இருப்பார்.

சிசிலி: அது எங்கப்பா எனக்கு எழுதி வெச்ச வீடு. எங்க போறதுன்னு அவர்தான் யோசிக்கணும்.

மேபல்: தொப்பியை ஏன் கழட்டறீங்க?

சிசிலி: கொண்டை ஊசி எடுக்கத்தான். நான் இன்னும் முடியைக் கத்தரிக்கல, மிஸ் டாட். பதினோரு வருஷமா அவர் விமர்சனம் எழுதின ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பிரிச்சுப் படிச்சு, ஓரத்துல பென்சில்ல குறி போட்டு, சாப்பாட்டு மேசையில கதை சொன்னவ நான். அவர் படிப்பறையில எழுநூறு புத்தகம் இருக்கு. சர் ஜாஸ்பர் எதை வேணா எடுத்துத் தடவிப் பாக்கட்டும். கத்தி வெச்சு வெட்டியிருந்தா ஓரம் வழவழன்னு இருக்கும். அங்க இருக்கறதெல்லாம் பிசிறு பிசிறா இருக்கும், இந்த ஊசி போன தடம். இந்த ஒரு நாவலை மட்டும், இதை நான் சொன்னாப் புரியாது, நீங்களே படிங்கன்னு மேசையில வெச்சுட்டு வந்தேன். நான் படிச்சது நூலகத்துலேருந்து எடுத்த இன்னொரு பிரதி. ரெண்டு வாரம் கழிச்சு, ஹெட்டி செத்துட்டான்னு அவர் சொல்லச் சொல்ல, இந்தக் கையால எழுதினேன். வாங்க, மிஸ் ஹார்க்கர், மேல போவோம். சீட்டு போனாப் போகுது. அதை எழுதினவளே வர்றேன்.